எழுவாய் இல்லாத ஒப்பந்தம்

 

இந்தப் பகுதியில் வழக்கமாக ஒரு கவிதையையோ சிறுகதையையோ எடுத்துத் திறனாய்வு செய்வோம். இம்முறை நான் எடுத்துக்கொண்டது ஏழு பக்க வேலை ஒப்பந்தம். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று ஆங்கிலம் கற்பிக்க ஆள் எடுக்கிறது, அதற்கான தாள். இதில் அணியும் கிடையாது, உவமையும் கிடையாது. ஆனாலும் வகுப்பில் நாம் அலசும் பல பனுவல்களைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது இது.

இது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். காஹாங்கில் எங்கள் பள்ளியில் படிவம் ஐந்து வரை தமிழ் படித்த மாணவி ஒருத்தி. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். பிள்ளை நன்றாகப் படித்து ஆங்கில மொழியில் பட்டம் வாங்கிவிட்டாள். பத்து மாதமாக வேலை இல்லை. வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். எங்கள் ஊரில் தோட்டத்தைத் தாண்டி வேலை தேடினால் குளுவாங், அதைத் தாண்டினால் ஜொகூர் பாரு, அதையும் தாண்டினால் சிங்கப்பூர். இவளுக்கு ஒரு கிழக்காசிய நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பந்தத்தைப் புலனத்தில் எனக்கு அனுப்பி, "டீச்சர், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

"இங்கிலீஷ் டீச்சர்கிட்ட கேளும்மா, என்கிட்ட எதுக்கு?" என்றேன்.

"இங்கிலீஷ் எனக்கே புரியுது டீச்சர். ஆனா என்னமோ இடிக்குது. வாக்கியத்துல எழுவாய் எங்க இருக்குன்னு தேடுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

சரி, தேடுவோம். மூலம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன். வாக்கிய அமைப்பை மாற்றவில்லை.

மூன்றாம் பிரிவு இப்படி இருக்கிறது: "ஆசிரியருக்குத் தங்குமிடம் வழங்கப்படும். வாடகை சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும்." இரண்டுமே செயப்பாட்டு வினை. மாணவர்களே, இதைச் செய்வினையாக மாற்றிப் பாருங்கள். முடியாது. செயப்பாட்டு வினைத் தொடரில் செய்பவர் 'ஆல்' உருபு ஏற்று வர வேண்டும். அதுதான் செய்வினையில் எழுவாயாக மாறும். இங்கே 'கல்லூரியால்' என்றும் இல்லை, 'முகவரால்' என்றும் இல்லை. யார் வழங்குவார்? பிடித்த வாடகையை யார் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் கட்டுவார்? கட்டாவிட்டால் யாரைக் கேட்பது?

இது வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை. ஜப்பானில் 'நோவா' என்று பெரிய ஆங்கிலப் பள்ளி நிறுவனம் ஒன்று இருந்தது. நாடு முழுக்கக் கிளைகள்; பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த ஆசிரியர்கள் சுமார் 4000 பேர். 2007 செப்டம்பரில் சம்பளம் தாமதமாக ஆரம்பித்தது. அக்டோபர் 26ஆம் தேதி நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது. சம்பளம் வராதது ஒரு பக்கம். பல ஆசிரியர்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது இன்னொரு பக்கம். ஏனென்றால் வீடு நிறுவனம் பிடித்துக் கொடுத்தது. வாடகையைச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்ட நிறுவனம் வீட்டுக்காரர்களுக்குக் கட்டவில்லை. சம்பளமும் இல்லை, கூரையும் இல்லை. சிலர் தங்கள் பழைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அதற்குப் பதிலாகச் சாப்பாடு வாங்கிக்கொண்டார்கள். ஊர் திரும்ப விரும்பியவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்தது. இத்தனைக்கும் இவர்கள் வளமான நாடுகளின் கடப்பிதழ் வைத்திருந்தவர்கள். கேட்க அவர்களுக்குத் தூதரகம் இருந்தது. செம்பனை லாரி ஓட்டுநரின் மகளுக்கு அந்த நிலை வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து வினைமுற்றுகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள், நல்ல பயிற்சி. ஆசிரியர் என்று தொடங்கும் வாக்கியங்கள் 'வேண்டும்' என்று முடிகின்றன: வர வேண்டும், சமர்ப்பிக்க வேண்டும், ஏற்க வேண்டும். பத்தொன்பது இடங்கள். கல்லூரி என்று தொடங்குபவை 'லாம்' என்று முடிகின்றன: மாற்றலாம், நீட்டிக்கலாம், ரத்து செய்யலாம். பதினொரு இடங்கள். கல்லூரி 'வேண்டும்' என்று வருவது இரண்டே இடத்தில். அதில் ஒன்று, கல்லூரி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது!

வேலை நேரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. "வாரத்துக்கு 22 பாடவேளை" என்று போட்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வரி, "மற்றும் அவ்வப்போது பணிக்கப்படும் பிற கடமைகள்." கட்டுரை திருத்துவது, தேர்வுத்தாள் தயாரிப்பது, சனிக்கிழமை விளம்பர நிகழ்ச்சியில் நின்று சிரிப்பது எல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். சம்பளமோ பாடவேளைக் கணக்குக்கு மட்டும். குளிர்கால விடுமுறை இரண்டு மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது ஆறாம் பக்கத்தில், விடுமுறை என்ற தலைப்பில் இல்லை, 'இதர' என்ற தலைப்பில் இருக்கிறது. வேண்டாத விருந்தாளிக்குப் பின்கட்டில் இலை போடுகிற மாதிரி.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது விசாப் பகுதி. "ஆசிரியர் சுற்றுலா விசாவில் வந்து சேர்ந்த பின், பணி விசாவாக மாற்றித் தரப்படும்." மறுபடி 'படும்'. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது பெரும்பாலான நாடுகளில் குற்றம். சீனாவில் வேலைக்குப் போகிறவர் 'இசட்' வகை விசாவோடு நுழைவதுதான் முறை. பிடிபட்டால் முதலில் கையைக் கட்டி நிற்பது வகுப்பில் இருக்கும் ஆசிரியர்தான். கல்லூரி, "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல, அந்த எழுவாய் இல்லாத வாக்கியமே சாட்சியாக நிற்கும்.

நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் இப்படி ஒன்றைப் பார்க்கிறாள் என்று கேட்பீர்கள். நல்ல வேலைக்கான கதவு அவளுக்குத் திறக்காது. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் 'ஈ-2' விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பட்டத்தை விடக் கடப்பிதழின் நிறம் பெரிது. நம் நாடும் இதில் சளைத்ததல்ல. 2011இல் கல்வி அமைச்சு ஆங்கில ஆசிரியர்களுக்கு வழிகாட்ட 360 பேரை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தபோது 'தாய்மொழியாளர்' என்பதுதான் தகுதியாகப் பேசப்பட்டது. முன் கதவு மூடியிருப்பதால் நம் பிள்ளைகள் பக்கக் கதவு வழியாகப் போகிறார்கள். பக்கக் கதவில்தான் இந்த மாதிரி ஒப்பந்தம் காத்திருக்கிறது.

அந்த ஏழு நாட்டுக்காரர்களும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கொரியாவில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதே பள்ளியின் கொரிய ஆசிரியர்களுக்கு அது கிடையாது. நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுபடியும் பரிசோதிக்க மாட்டேன் என்றார், வேலை போயிற்று. அவர் இன ஒதுக்கலை எதிர்க்கும் ஐ.நா. குழுவரை போனார். 2015இல் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. ஒரு வாக்கியத்தை எடுக்க இவ்வளவு காலம்.

இனி ஐந்தாம் பிரிவு. இதைப் படித்தபோதுதான் எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. "ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகும் ஆசிரியர் இரண்டு மாதச் சம்பளத்தைச் செலுத்த வேண்டும். கல்லூரி விரும்பினால் விடுவிப்புக் கடிதம் வழங்கலாம்." கொரியாவிலும் ஒப்பந்தத்தின் நடுவில் வேறு பள்ளிக்கு மாற, பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. முதலாளி கொடுக்காவிட்டால் சகித்துக்கொண்டு இருக்கணும், இல்லை நாட்டை விட்டுக் கிளம்பணும்.

இதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: துண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், இத்தனை ரூபாய்க் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தத் துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. கடனையும் ஆளையும் ஒரே சீட்டில் கட்டிய முறை. 1921இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். மலாயாவிலும் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938 வரை தொடர்ந்தது. நூறு வருஷம் கழித்து, பட்டதாரிக்குப் பளபளப்பான தாளில் அதே துண்டு வருகிறது. மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஆசிரியரை யாரும் அடித்து வேலை வாங்கவில்லை, உண்மைதான். ஆனால் கட்டும் கயிறு மாறவில்லை: சம்பளம், வீடு, நாட்டில் இருக்கும் உரிமை மூன்றும் ஒரே கையில்.

முன்கடனும் மாறவில்லை. 2007 முதல் பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் 350 ஆசிரியர்கள் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். முகவர் நிறுவனத்துக்கு ஆளுக்குச் சுமார் 16,000 டாலர். பலர் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். வழக்குப் போட்டு, 2012 டிசம்பரில் நடுவர் குழு 4.5 மில்லியன் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. சேர்ந்து நின்றதால் கிடைத்தது.

இங்கே என் குடும்பக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த இன்னொருவரோ வாத்தியாரானார்கள். பிற்காலத்தில் வந்த என் தாத்தாவும் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்படிச் சேர்ந்தவர்தான். பள்ளிக்கூரை ஒழுகுகிறது என்று வெளியில் மனு எழுதிப் போட்டார். அடுத்த வாரம் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பாட்டி இதைச் சொல்லும்போது துரையைத் திட்டமாட்டார். அன்றைக்கு ஊறப் போட்டிருந்த அரிசியைப் பற்றித்தான் சொல்லுவார். ஈர அரிசியைத் துணியில் கட்டி லாரியில் ஏற்றினார்களாம்.

நாம் வெளிநாட்டைக் குறை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. இங்கே பிறருடைய கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். "பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்கோம்" என்று சொல்லும் முதலாளிகளை நம்மில் பலருக்குத் தெரியும். காஹாங்கைச் சுற்றிச் செம்பனை வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளரிடம் கேட்டால் இன்னும் தெரியும்.

எல்லா வாய்ப்பும் பொறி என்று நான் சொல்லவில்லை. ஜப்பான் அரசு 1987 முதல் நடத்தும் 'ஜெட்' திட்டத்தில் யார் முதலாளி என்பது தெளிவு: உள்ளூராட்சி. அந்த வேலையிலும் தனிமை உண்டு, குளிர் உண்டு. ஆனால் புகார்க் கடிதத்தில் 'பெறுநர்' என்ற இடத்தில் எழுத ஒரு பெயர் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 'வெளிநாட்டு வேலையின் நன்மை தீமைகள்' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால், தீமைக்கு 'பண்பாடு சீரழியும்' என்று எழுதுவதைத் தயவுசெய்து விடுங்கள். அதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. வாடகையை யார் கட்டுவார் என்று எழுதுங்கள்.

அவளுக்கு ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். கல்லூரியிலிருந்து ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மூன்றாம் பிரிவை "கல்லூரி தன் பெயரில் வீட்டை வாடகைக்கு எடுத்து வழங்கும்" என்று மாற்றியிருந்தார்கள். எழுவாய் வந்துவிட்டது! எனக்குச் சந்தோஷம்தான். ஐந்தாம் பிரிவில் இரண்டு மாதம் ஒரு மாதமாயிற்று. பாடவேளையையும் விடுமுறைச் சம்பளத்தையும் பற்றிப் பேச்சே இல்லை. விசாவைப் பற்றி, "இதுதான் எங்கள் வழக்கம்" என்று ஒரே வரி.

அன்று இரவு அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பிள்ளை போறேன்னு இருந்தா, இப்ப யோசிக்கிறா. போகாதேன்னு சொல்றது சுலபம். இங்க அவளுக்கு என்ன வேலை இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சொல்ல வேலை எதுவும் இல்லை. "போகட்டும்மா. ஆனா வேலை விசா கைக்கு வந்தப்புறம் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கடப்பிதழ் தன் அலமாரியில்தான் இருக்கிறது என்றும், விசா வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்றும் சொன்னார். பிள்ளை நேற்று இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறாள்.