முத்தும் குளியாளும்: லெனாட் வூல்ஃபின் சிறுகதை பற்றி ஒரு குறிப்பு

முத்தைப் போற்றிய இலக்கியங்கள் அதனைக் கடலடியிலிருந்து எடுத்தவனை அந்தளவிற்குப் போற்றவில்லை. மதுரைக்காஞ்சி கொற்கை முத்தின் சிறப்பைப் பாடும். 1863இல் பாரிசில் அரங்கேறிய பிஸேயின் இசைநாடகம் இலங்கை முத்துக்குளிப்போரைக் காதல் முக்கோணமொன்றின் பாத்திரங்களாக்கியது. தொழில் அங்கு வெறும் பின்னணியே. இப்பின்னணியில் நோக்கும்போதே 1921இல் வெளிவந்த வூல்ஃபின் ‘முத்துக்களும் பன்றிகளும்’ என்னும் சிறுகதையின் முக்கியத்துவம் புலனாகின்றது.

வூல்ஃப் 1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் அரசாங்க அலுவலராகப் பணிபுரிந்தவர். அதற்கு முந்திய ஆண்டில் மட்டும் அங்கு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. காலிற் கல்லைக் கோத்து, ஒரே மூச்சில் கடலடிக்குச் சென்று மீளும் குளியாளுக்குரியது அவன் எடுத்தவற்றில் மூன்றில் ஒரு பங்கே. எஞ்சிய இரு பங்கும் அரசுக்குரியவை. அவை ஏலத்தில் விற்கப்படும். சிப்பியின் தசை அழுகிய பின்னரே முத்துப் பிரித்தெடுக்கப்படும். அழகுப் பொருளுக்குப் பின்னாலுள்ள இந்த நாற்றத்தையும் சுரண்டலையும் வூல்ஃப் மறைக்கவில்லை.

கதையில் இரு மரணங்கள் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. குடிவெறியின் பிதற்றலில் தன் கொடுமைகளைத் தானே கக்கி இறக்கின்றான் ஒரு வெள்ளையன். தொழிலின்போது இறந்த அராபியக் குளியாளுக்கோ அவனது தோழர்கள் அமைதியான கண்ணியத்துடன் விடை கொடுக்கின்றனர். விவிலியத் தொடரை நினைவூட்டும் தலைப்பு இங்கு தன் முழு அங்கதத்தைப் பெறுகின்றது. நாகரிகம் எவரிடம் உள்ளது என்னும் வினா ஏகாதிபத்தியத்தின் முகத்துக்கு நேரே எழுப்பப்படுகின்றது.

எனினும் இதன் எல்லையையும் நாம் காணல் வேண்டும். இங்கிலாந்து விடுதியொன்றில் அமர்ந்து கதை சொல்பவர் முன்னாள் நிருவாகி. ஆதலால் குளியாளை நாம் கரையில் நின்றே பார்க்கின்றோம். அவனது கடனும் குடும்பமும் கூலி பற்றிய எண்ணமும் கதைக்குள் வருவதில்லை. உயிருடன் உழைத்தவனைவிட இறந்தவனே ஆசிரியருக்குப் பயன்படுகின்றான். அவனது கண்ணியம் வெள்ளையனை அளக்கும் கோலாகின்றது. ஆளுவோரின் மனச்சாட்சி விழிப்பது வேறு, ஆளப்படுவோர் வரலாற்றின் கருத்தாக்களாவது வேறு. வூல்ஃப் முன்னதைச் செய்தார். அது சிறிய பணியன்று. பின்னதை அவரிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. மன்னார்க் கரையில் சலாபங்கள் ஓய்ந்துவிட்டன. ஆயினும் சங்குக்கும் அட்டைக்குமாகக் கடலில் மூழ்குவோர் இன்றும் உளர். அவர்களது வாழ்வை உள்ளிருந்து எழுதும் கடமை நம் மொழிக்கே உரியது.