ஆபத்தான கர்ப்பமும் சபையின் சாட்சி இலக்கியமும்: ஒரு திறனாய்வு

தமிழ்த் திருச்சபைகளில் சாட்சி என்பது தனி மனிதரின் அனுபவக் கூற்று மட்டுமன்று. தனக்கென ஓர் அமைப்பும் நடையும் கொண்ட இலக்கிய வகையாகவே அது வளர்ந்துள்ளது. ஆராதனையிலும், உபவாசக் கூட்டங்களிலும், பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகைகளிலும், சபை இதழ்களின் பக்கங்களிலும் அது இடம்பெறுகிறது. பிரசங்கங்களைத் திறனாய்வு செய்யக் கற்றுக்கொண்ட நாம் சாட்சிகளைத் திறனாய்வு செய்யத் தயங்குகிறோம். தேவனுடைய செயலை எடுத்துரைப்பவரிடம் கேள்வி எழுப்புவது அவபக்தி என்று எண்ணுகிறோம் போலும். ஆயினும் எளிய விசுவாசியின் உள்ளத்தில் பிரசங்கத்தைக் காட்டிலும் ஆழமாகப் பதிவது சாட்சியே. எனவே சாட்சியில் உறையும் இறையியலை ஆராய்வது ஆயர்களின் கடமையாகும்.

ஈண்டு ஒரு வகைச் சாட்சியை மட்டும் ஆராய முற்படுகிறோம். தாயின் உயிருக்கு ஆபத்து என்று கூறி மருத்துவர்கள் கருவைக் கலைக்கச் சொன்னார்கள். குடும்பத்தார் மறுத்து ஜெபித்தார்கள். தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள். இதுவே அச்சாட்சியின் சுருக்கம். இதனைக் கேட்டுத் தேவனைத் துதிக்காத சபை இல்லை. அத்துதியில் நாமும் பங்குகொள்கிறோம். ஆனால் இச்சாட்சியைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மற்றொரு கர்ப்பிணிக்கு அது என்ன கற்பிக்கிறது என்பதே நம் கேள்வி.

1. சாட்சியின் அமைப்பு

இச்சாட்சிகளைக் கூர்ந்து நோக்கினால் மூன்று இயல்புகள் புலப்படும். முதலாவது, மருத்துவர் எதிரியின் இடத்தில் நிறுத்தப்படுகிறார். செங்கடலுக்கு முன் பார்வோனும் ஏலா பள்ளத்தாக்கில் கோலியாத்தும் நிற்கும் இடத்தில், இங்கே வெள்ளை அங்கி அணிந்தவர் நிற்கிறார். இரண்டாவது, சாட்சியைக் கூறுபவர் பெரும்பாலும் கணவர், அல்லது மாமியார், அல்லது ஜெபித்த ஊழியர். கருவைச் சுமந்தவர் குழந்தையுடன் அருகில் நிற்கிறார். அவர் அஞ்சினாரா, விரும்பினாரா, அவரிடம் யாரேனும் கேட்டார்களா என்பது சாட்சியில் வருவதில்லை. மூன்றாவது, முடிவு எப்போதும் நன்மையாகவே அமைகிறது. இறந்தவர்கள் சாட்சி கூற மேடைக்கு வருவதில்லை. அவர்களுக்காகவும் இதே விசுவாசத்தோடு ஜெபித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கதையோ அடக்க ஆராதனையோடு முடிந்துவிட்டது.

2. மருத்துவர் கூறியது என்ன?

மருத்துவர் பொய்யுரைத்தார், தேவன் மெய்யானவர் என்று நிரூபித்தார் என்பது இச்சாட்சிகளில் வழக்கமாக வரும் முடிவுரை. இது சிந்தனைப் பிழை. ‘ஆபத்து’ என்று மருத்துவர் கூறியது நிச்சயமான மரணத்தை அன்று. மரணம் நேரக்கூடிய அளவையே ஆகும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 2016 முதல் 2019 வரை, இதயநோயுடன் கருவுற்ற 1,005 பெண்களைக் குறித்துப் பதிவேடு ஒன்று பேணப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 100-க்கு 2 பேர் இறந்தனர். பத்தில் ஆறு பேருக்கு, தமக்கு இதயநோய் இருப்பதே கருவுற்ற பின்னர்தான் தெரியவந்தது. 100-க்கு 2 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 2018-20 ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 54 தாய்மார்களே இறந்தனர். அதனோடு ஒப்பிட்டால் இதயநோயுள்ள தாய்க்கு ஆபத்து முப்பது மடங்குக்கும் மேல்.

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது. வால்வு சுருங்கிய இதயத்தால் அதனைத் தாங்க இயலாமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. பிரசவ வேளையிலும் அடுத்த சில நாட்களிலும் ஆபத்து உச்சநிலையை அடைகிறது. நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் மிகக் கூடிய சில நோய்களில், முற்காலக் கணக்குகளின்படி தாய்மார்களில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இறந்துள்ளனர். அத்தகைய கொடிய நிலையிலும் பாதிப்பேர் பிழைத்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். பிழைத்தவர் மருத்துவரின் சொல்லைப் பொய்யாக்கவில்லை. அவர் பிழைத்ததற்காகத் தேவனைத் துதிப்பது தகும். இறந்தவரின் விசுவாசத்தை அதனால் அளப்பது தகாது.

3. ஜியான்னா மொல்லாவின் வரலாறு

இத்தகைய சாட்சிகளுக்கெல்லாம் முன்மாதிரியாக உலகெங்கும் கூறப்படுவது இத்தாலி நாட்டு ஜியான்னா பெரெட்டா மொல்லாவின் வரலாறாகும். 1922-இல் பிறந்த இவர் குழந்தை மருத்துவர். மூன்று குழந்தைகளின் தாய். 1961-இல் மீண்டும் கருவுற்றபோது கருப்பையில் கட்டி ஒன்று காணப்பட்டது. அவருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன: கருப்பையை அகற்றுவது; கட்டியை நீக்கிக் கருவையும் கலைப்பது; கருவை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் நீக்குவது. அவர் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டார். 1962 ஏப்ரல் 21 அன்று அறுவை மூலம் பெண் குழந்தை பிறந்தது. ஏழு நாட்களுக்குப் பின், வயிற்றறையில் பரவிய நோய்த்தொற்றினால் அவர் இறந்தார். 2004-இல் ரோமத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இவ்வரலாற்றைப் பிரசங்கத்தில் எடுத்தாள்வோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றனர். ஒன்று, அவர் மருத்துவத்தைத் துறக்கவில்லை. தாமே மருத்துவராகிய அவர், நிலைமையை முற்றும் அறிந்து, மருத்துவம் காட்டிய வழிகளுள் ஒன்றைத் தாமே தேர்ந்தார், மருத்துவமனையிலேயே பிரசவித்தார். மற்றொன்று, ரோமத் திருச்சபையின் ஒழுக்க இறையியலே கருப்பையை அகற்றும் சிகிச்சையை அவருக்கு அனுமதித்திருக்கும். ஏனெனில் அங்கே நோக்கம் நோயைத் தீர்ப்பது, கருவின் இழப்பு அதன் உடன்விளைவு. ஆகவே அவர் சட்டத்திற்குக் கீழ்ப்படிந்து இறக்கவில்லை. சட்டம் கேட்காததை அன்பினால் கொடுத்தார்.

கடமைக்கு மேற்பட்ட நற்செயல் எனும் கோட்பாட்டைச் சீர்திருத்தத் திருச்சபைகள் ஏற்பதில்லை. ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுள் பதினான்காவது அதனை வெளிப்படையாக மறுக்கிறது. எனவே மொல்லாவின் செயலை நாம் புண்ணியக் கணக்கில் சேர்க்க இயலாது. ஆனால் 1520-இல் லூத்தர் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைக் குறித்து எழுதிய நூல் நமக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. விசுவாசத்தினால் எவருக்கும் அடிமையாயிராதவன் அன்பினால் அனைவருக்கும் பணியாளனாகிறான் என்பதே அதன் சாரம். மொல்லாவின் ஈகை அத்தகைய சுயாதீனத்தின் கனி. கட்டளையாக மாற்றப்படும் கணமே அது தன் இயல்பை இழக்கிறது. சிலுவையை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். பிறர் தோளில் ஏற்றிவிட்டு அதற்குச் சாட்சி கூற நமக்கு உரிமை இல்லை.

4. சண்டிகர் வழக்கு

நம் நாட்டில் இக்கேள்வி 2009-இல் மற்றொரு வடிவில் எழுந்தது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் வாழ்ந்த, பெற்றோரற்ற, அறிவுத்திறன் வளர்ச்சி குன்றிய இளம்பெண் ஒருவர் அங்கேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க நிர்வாகம் நீதிமன்றத்தை நாடியது. குழந்தையைப் பெற்றெடுக்க அவர் விரும்புகிறார் என்பதை வல்லுநர் குழு கண்டறிந்திருந்தும், உயர்நீதிமன்றம் கலைக்குமாறு ஆணையிட்டது. உச்சநீதிமன்றமோ அவ்வாணையை நிறுத்தி, அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று தன் காரணங்களை வெளியிட்டது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பெண்ணின் இசைவைக் கட்டாயமாக்குகிறது. அறிவு வளர்ச்சிக் குறைவைக் காரணம் காட்டி அவ்விசைவைப் பறிக்க இயலாது. கருவைச் சுமப்பதும் சுமக்காதிருப்பதும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையில் அடங்கும் என்பவை அதன் முடிவுகள்.

இவ்வழக்கு சாட்சி இலக்கியத்தில் அடங்கியுள்ள நியாயத்தையும் நமக்கு உணர்த்துகிறது. ஏழைப் பெண்ணிடம் விளக்கம் கூறாது ஆணையிடும் மருத்துவமனைகள் உண்டு. கலைக்காவிட்டால் இனி இங்கே வராதே என்று கடிந்துகொள்வோர் உண்டு. அத்தகைய அதிகாரத்திற்கு முன் ‘எனக்கு இக்குழந்தை வேண்டும்’ என்று கூறிய பெண்ணின் துணிவை நாம் மதிக்கிறோம். ஆனால் நிர்வாகம் அவருக்காக முடிவெடுத்தது தவறு எனில், மாமியாரும் ஆயரும் அவருக்காக முடிவெடுப்பது எங்ஙனம் சரியாகும்?

5. திருமறையின் நோக்கு

உருவாகுமுன்னே நம்மை அறிந்திருக்கும் தேவனைத் திருமறை அறிவிக்கிறது. கருவிலுள்ள உயிர் அற்பமானதன்று. இதில் நாம் பின்வாங்குவதற்கில்லை. எனினும் எப்பிராத்தா வழியில் பிரசவ வேதனையில் இறந்த ராகேலைத் திருமறை மறைக்கவில்லை; அஞ்சாதே என்று தேற்றிய மருத்துவச்சியின் சொல்லையும், மகனுக்கு அவள் இட்ட பெனொனி என்னும் துயரப் பெயரையும் அது பதிவு செய்கிறது. யாக்கோபு பெயரை மாற்றினான். கல்லறைத் தூணை மறைக்கவில்லை. நம் சாட்சிகளில் பென்யமீனுக்கு இடமுண்டு, பெனொனிக்கு இடமில்லை.

யெப்தாவின் பொருத்தனையையும் நாம் நினைவுகூர வேண்டும். பொருத்தனை செய்தவன் ஒருவன். விலை கொடுத்தவள் அவன் மகள். எசேக்கியாவின் கண்ணீரைக் கண்டு தேவன் ஆயுளைக் கூட்டியபோதும், ஏசாயா அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் என்பதையும் மறக்கலாகாது. ஜெபமும் மருந்தும் அங்கே பகையாக நிற்கவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவரின்றிப் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் பயின்று திரும்பி வேலூரில் பணியைத் தொடங்கினார். அந்த மருத்துவமனையும் ஒரு சாட்சியே அன்றோ?

கார்ல் பார்த் தமது திருச்சபை இறைக்கோட்பாட்டியலின் 1951-இல் வெளிவந்த பகுதியில், கருவழிப்பைக் கடுமையாக மறுத்துரைத்த பின்னரும், தாயின் உயிரும் சேயின் உயிரும் எதிரெதிராக நிற்கும் எல்லைநிலையை ஏற்றுக்கொள்கிறார். அங்கே பொதுச்சட்டம் பேசுவதில்லை; தேவனுக்கு முன் பொறுப்போடு நிற்கும் மனச்சாட்சியே பேசுகிறது. அவர் கருத்து முழுவதையும் ஏற்காதவர்களும் இவ்வளவை ஏற்கலாம்: எல்லைநிலையில் நிற்பவரை விசுவாசமற்றவர் என்று கூற எவருக்கும் அதிகாரம் இல்லை.

6. ஆயரின் பணி

நாம் பணிசெய்யும் அமராவதி நகர்ப் பகுதி, அணையின் அடிவாரத்தில் அமைந்தது. இங்கிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் நூற்பாலைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஓவர்லாக் மெஷினில் பீஸ் கணக்கில் தைக்கும் ஓர் இளம் சகோதரி, இதய வால்வு சுருக்கத்துடன் கருவுற்றிருந்தார். கலைப்பதே நலம் என்று மருத்துவமனையில் கூறினார்கள். குடும்பத்தார் ஒரு சாட்சிக் கட்டுரையை அவர் கையில் கொடுத்திருந்தனர். அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: “ஐயா, நான் கலைத்துவிட்டால் எனக்கு விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா?” இல்லை என்றோம். “பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னால் பைத்தியக்காரி என்பீர்களா?” அதற்கும் இல்லை என்றே விடையளித்தோம். பின்பு இதயநோய் வல்லுநரிடம் உடன் சென்றோம். சில நோயாளிகளுக்குக் கர்ப்ப காலத்திலேயே பலூன் மூலம் வால்வை விரிக்கும் சிகிச்சை செய்ய இயலும் என்பதை அவர் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டறிந்தார். அவர் எடுத்த முடிவை ஈண்டு எழுதமாட்டோம். எழுதினால் இதுவும் மற்றொரு சாட்சியாகி, வேறொரு பெண்ணின் கையில் கொடுக்கப்படும்.

ஆயர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. வல்லுநரின் இரண்டாவது கருத்தைப் பெற உதவுதல். கணவரும் உறவினரும் இல்லாத வேளையில், ஆயரின் துணைவியார் அல்லது பெண் ஊழியர் வாயிலாக, அப்பெண்ணின் மனத்தை அறிதல். பெற்றெடுக்க அவர் துணிந்தால், ஓய்வுக்கால ஊதிய இழப்பைச் சபை சுமத்தல். 2017-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு அளித்தது. ஆயினும் பெயர்ப்பதிவின்றிச் சிறு பட்டறைகளில் தைப்போருக்கு அது ஏட்டளவில் நிற்கிறது. குழந்தையைக் காப்பாற்று என்று கூறும் சபை, சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோன வீட்டிற்கு அரிசி அனுப்பாவிடில், அதன் சொல் ஓசையிடும் வெண்கலமே. கலைக்க அவர் முடிவு செய்தால், திருவிருந்தில் அவருக்குரிய இடம் சிறிதும் குறையாது காத்தலும் அதே பணியைச் சேர்ந்தது.

சாட்சிகளை நிறுத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவை முழுமையாகக் கூறப்பட வேண்டும் என்கிறோம். மருத்துவர் கூறியது இன்னது என்று உள்ளபடி கூறட்டும். கருவைச் சுமந்தவரே பேசட்டும், அல்லது பேசாதிருக்கும் உரிமையைப் பெறட்டும். துதியின் முடிவில், மனைவியை இழந்தவருக்காகவும், கருவை இழந்தவருக்காகவும் சபை ஒரு நிமிடம் மௌனமாக நிற்கட்டும். தேவன் ராகேலுக்கும் தேவனாயிருந்தார் என்பதை அந்த மௌனம் அறிக்கையிடும்.