பேசாத உதடும் பேசும் பல்பும்

நம் ஊர்த் திருவிழாக்களில் உயர்ந்த சட்டங்களின் மேல் அம்மனும் முருகனும் மின்விளக்குகளாய் ஒளிர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதனையும் ஒரு கலையாக மதித்துக் குறைநிறை கூறுவோர் அரிது. நான் முதலில் நோக்குவது அவ்வுருவங்களின் உதடுகளைத்தான்.

காரணம் உண்டு. கிரீடத்திற்கு நூற்றுக்கணக்கான பல்புகள். வாய்க்கோ இரண்டு சிறு வரிசைகள். நம் கண் ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்குக் கோணம் வரையில்தான் இரு புள்ளிகளைப் பிரித்தறியும். எனவே 3 செ.மீ. இடைவெளியுள்ள பல்புகள் ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில் ஒன்றாய்க் கலந்துவிடும். தேரடியில் நிற்பவருக்குப் புன்னகை. அருகே சென்றால் வெறும் பல்புகள். ஓரத்துப் பல்பு ஒன்று பழுதானால் போதும், அருள் பொழியும் முகம் அழுமூஞ்சியாகிவிடும்!

உதட்டின் மெல்லிய தோலுக்கடியில் ஓடும் குருதியே அதன் செம்மைக்குக் காரணம். ஆகவே சிவந்த உதடு உயிரின் அடையாளம். பழைய பல்பின் சிவப்புச் சாயம் பிற நிறங்களை விழுங்கியது, இன்றைய எல்.இ.டி. விளக்கோ சுமார் 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியையே நேராக உமிழ்கிறது. நிறம் தூயதுதான். ஆனால் முகத்தை முந்திக்கொண்டு வாய் தெரிகிறது.

சிலர் அவ்வரிசைகளை மாறிமாறி எரியவிட்டு உருவத்தைப் பேசவும் வைக்கின்றனர். அடுத்தடுத்து எரியும் இரு விளக்குகளை மனம் ஒரே அசைவாகக் கொள்ளும் என்பதை 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் ஆராய்ந்து எழுதினார். நல்ல அறிவியல், கலை என்ற அளவில் மட்டம் என்பேன்.

ஏன்? காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குச் சென்று பாருங்கள். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் தீட்டப்பட்டுள்ளன. அவற்றுள் சமவசரணம் என்னும் வட்டப் பேரவையும் ஒன்று. அங்கு எழும் திவ்யத்தொனிக்கு உதடு அசைவதில்லை என்பது திகம்பரர் கொள்கை. மனிதரும் விலங்கும் அதைத் தத்தம் மொழியில் உணர்வராம். அங்கே மூடிய உதடு மௌனம் அன்று, பேச்சின் உச்சம். கொள்கையை ஏற்காதவரும் இக்கலை நுட்பத்தை ஏற்கலாம்.

அந்தி மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பே முதலில் கருக்கும். கோல் செல்கள் அதனை அநேகமாக உணர்வதில்லை. நிறம் கருத்த பின்னும் கோடு நிற்கிறது. பல்பில் அந்த வசதி இல்லை; அணைந்தால் அணைந்ததுதான்.

மின்னலங்காரக்காரர்களுக்கு ஒரு யோசனை. உதட்டை நிலையாக, சற்று மங்கலாக எரியவிட்டு, தலைக்குப் பின்னுள்ள திருவாசி விளக்குகளை உள்ளிருந்து வெளியே மெல்ல ஓடவிடுங்கள். அதற்கும் அதே கட்டுப்பாட்டுப் பெட்டி போதும்.