ஆணையால் எழுந்த ஊர்கள்

தமிழில் ரஷ்ய இலக்கியம் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ரஷ்ய நகரம் என்றாலே பீட்டர்ஸ்பர்க்தான். தஸ்தயேவ்ஸ்கியின் கால்வாய்க் கரைகளும் மாடியறைகளும் இருட்ட மறுக்கும் கோடை இரவுகளும் நமக்கு அவ்வளவு பழக்கம். 'வெண்ணிற இரவுகள்' 2003-ல் எஸ். பி. ஜனநாதனின் 'இயற்கை'யாகி நம்முடைய கடற்கரைக்கே வந்துவிட்டது. ஆனால் பதினொரு நேர வலயங்களில் படுத்துக் கிடக்கும் நாட்டை ஒரே ஊரைக் கொண்டு அளக்க முடியாது. பயண நூல்களோ வெங்காயக் குமிழ்க் கோபுரங்களையும் குளிரையும் சொல்லி முடித்துவிடுகின்றன. ரஷ்ய ஊர் ஒன்றைப் புரிந்துகொள்ள நான் முதலில் கேட்கும் கேள்வி, அதை அங்கே வைத்தவர் யார், எதற்காக என்பது. அடுத்தது, அந்தத் தேவை தீர்ந்த பிறகு ஊர் என்ன செய்தது என்பது.

பீட்டர்ஸ்பர்க்கை எந்த வணிகனும் அந்த இடத்தில் தொடங்கியிருக்க மாட்டான். நேவா நதியின் முகத்துவாரம் சேற்று நிலம். கடற்காற்று திரும்பினால் வெள்ளம். ஸ்வீடனோடு நடந்த போரின் நடுவே 1703-ல் முதலாம் பீட்டர் அங்கே கோட்டை எழுப்பினார். குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் கட்டாய வேலைக்கு ஓட்டி வரப்பட்டார்கள். 1714-ல் நாட்டில் வேறெங்கும் கல் கட்டடம் கட்டக் கூடாது என்று தடை வந்தது. கொத்தர்கள் எல்லோரும் தலைநகருக்கு வந்து சேரவேண்டும் என்பதே நோக்கம். ஊருக்குள் நுழையும் படகும் வண்டியும் வரியாகக் கல் கொண்டுவர வேண்டியிருந்தது. நேர்கோட்டுத் தெருக்களில் அந்த ஆணையின் பிடிவாதம் இன்னும் தெரிகிறது.

இதற்கு எதிர்முனையில் நோவ்கரோத். அங்கே இளவரசனை அழைப்பதும் விரட்டுவதும் நகரசபையின் உரிமையாக இருந்தது. தெருவுக்கும் பேட்டைக்கும் தனிக் கூட்டங்கள் உண்டு. ஈரக் களிமண்ணில் காற்று புகாததால் மரம் மக்காமல் கிடக்கிறது. நகரின் ஒரு பெரிய தெருவைத் தோண்டியபோது, பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்பட்ட மரத்தளங்கள் 28 அடுக்குகள் இருந்தன. 1951-ல் அந்த மண்ணிலிருந்து பிர்ச் மரப்பட்டையில் கீறி எழுதிய முதல் கடிதம் வெளிப்பட்டது. இன்றுவரை ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அரசர்களின் சாசனங்கள் அல்ல இவை. கடன் பாக்கி, குத்தகைச் சண்டை, கல்யாணப் பேச்சு, வீட்டுக்கு அனுப்பச் சொன்ன சாமான் பட்டியல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்ஃபிம் என்ற சிறுவன் பட்டையில் எழுத்துப் பழகினான். அலுத்துப்போனதும் பகைவனை ஈட்டியால் குத்தும் குதிரைவீரனாகத் தன்னையே வரைந்து பெயரும் எழுதினான். 1478-ல் மூன்றாம் இவான் இந்த ஊரை மாஸ்கோவோடு சேர்த்துக்கொண்டபோது, சபையைக் கூட்ட அடிக்கும் மணியையும் கழற்றிக்கொண்டு போனார். தானாக முளைத்த ஊருக்கும் ஆணையிடும் ஊருக்கும் இடையிலான கணக்கு அன்று ஏறக்குறைய தீர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

மாஸ்கோவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் கடந்து போகிறேன். சூஸ்தல் போன்ற 'தங்க வளைய' ஊர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தப் பெயர் 1967-ல் யூரி பிச்கோவ் என்ற பத்திரிகையாளர் எழுதிய தொடரில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை சூஸ்தலைத் தொடாமல் போனதால் ஆலைகள் வரவில்லை. அதனாலேயே பழைய தேவாலயங்கள் தப்பின. இன்று புறக்கணிப்பே அவ்வூரின் முதலீடு.

அதே ரயில் சைபீரியாவில் நேர்மாறாக விளையாடியது. 1604-ல் தோன்றிய தோம்ஸ்க் அந்தப் பகுதியின் அறிவுத் தலைநகர்; சைபீரியாவின் முதல் பல்கலைக்கழகம் 1888-ல் அங்கேதான் திறக்கப்பட்டது. ஆனால் ஓப் நதியைத் தாண்டப் பாலத்துக்கு இடம் தேடிய பொறியாளர்கள், ஆறு ஒடுங்கிப் பாறைமேல் ஓடும் இடத்தைத் தெற்கே கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவரான காரின்-மிகைலோவ்ஸ்கி பின்னாளில் எழுத்தாளராகவே அதிகம் அறியப்பட்டார். தோம்ஸ்குக்குக் கிளைப்பாதைதான் மிஞ்சியது. பாலக்காரர்களின் குடியிருப்பாக 1893-ல் தொடங்கிய நோவோசிபிர்ஸ்க் 1962-லேயே பத்து லட்சம் மக்களைத் தாண்டியது. நாட்டின் மூன்றாவது பெரிய நகரம் அது. தோம்ஸ்கில் ஜன்னலைச் சுற்றி சரிகை போல மரத்தைச் செதுக்கிய வீடுகளும் மாணவர் கூட்டமும் நிலைத்தன. எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் தோம்ஸ்க் என்பேன்.

சோவியத் காலம் ஊர்களைத் தொழிற்சாலையின் இணைப்பாக நட்டது. இரும்புத் தாது மலைக்கு அருகே 1929-ல் மாக்னிட்டோகோர்ஸ்க் தொடங்கியது. குடியிருப்பைத் திட்டமிட ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து எர்ன்ஸ்ட் மை என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வந்தார். ஊர் எழுந்தது உலையின் பக்கத்திலேயே; புகை வீட்டுக்குள் வந்தது. பின்னர் யூரல் நதியின் மறுகரைக்குக் குடியிருப்புகள் நகர்ந்தன. ஆசியக் கரையில் வேலை, ஐரோப்பியக் கரையில் தூக்கம். வோல்கா கரையில் இருந்த ஸ்தாவ்ரோபோல் என்ற சிற்றூரை அணை நீர் விழுங்கவிருந்ததால் 1950-களில் மேட்டுக்கு மாற்றினார்கள். 1964-ல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஃபியட் உதவியோடு எழுந்த கார் ஆலை 1970 முதல் நாட்டையே நான்கு சக்கரத்தில் ஏற்றியது. சாரோவின் கதை இன்னும் விசித்திரம். புனித செராஃபிமின் மடாலயத்துக்காக யாத்திரிகர்கள் வந்த ஊர் அது. 1946-ல் அணுகுண்டு வடிவமைக்கும் இடமானதும் வரைபடத்திலிருந்தே மறைந்து 'அர்ஸமாஸ்-16' என்ற அஞ்சல் முகவரியாகியது. இன்றும் அனுமதிச் சீட்டில்லாமல் உள்ளே போக முடியாது.

ஆணையின் உச்சம் நோரில்ஸ்க். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, நிக்கலுக்காக, 1935-ல் தொடங்கிய கைதி முகாமின் உழைப்பில் எழுந்தது. நாட்டின் மற்ற பகுதியோடு இணைக்கும் சாலையோ ரயிலோ கிடையாது. சரக்கு யெனிசேய் ஆற்றிலுள்ள துதின்கா துறைமுகம் வழியாக வரும். மிச்ச ரஷ்யாவை அங்குள்ளவர்கள் 'பெருநிலம்' என்கிறார்கள், தீவில் வாழ்பவர்களைப் போல. நிலம் ஆழம் வரை உறைந்தே கிடப்பதால் வீட்டின் சூடு கீழே இறங்கினால் அஸ்திவாரம் புதையும். எனவே கட்டடங்கள் கான்கிரீட் தூண்களில் நிற்கின்றன. தூண்களுக்கு இடையே குளிர்காற்று ஓடி மண்ணை உறைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. இந்த முறையைப் பல அடுக்குக் கட்டடங்களுக்கு நிலைநாட்டிய பொறியாளர் மிகயீல் கிம், கைதியாக அங்கே கொண்டுவரப்பட்டவர். 1966-ல் அதற்காகவே லெனின் பரிசு பெற்றார். அந்த ஊரைப் பற்றிய மொத்தக் கசப்பும் பெருமையும் இந்த ஒரு வாழ்க்கைக்குள் இருக்கிறது. 2020 மே மாதம் அங்கே எண்ணெய்த் தொட்டி ஒன்று இடிந்து ஏறத்தாழ 20,000 டன் டீசல் ஆறுகளிலும் மண்ணிலும் பரவியது.

யாகுட்ஸ்கும் உறைநிலத்தின் மேல்தான் நிற்கிறது, மூன்று லட்சத்துக்கும் அதிகமான மக்களோடு. ஆனால் அது 1632 முதல் இருக்கும் ஊர். சகா மக்களின் தலைநகர். ஷெர்கின் என்ற வணிக நிறுவன ஊழியர் 1828-ல் அங்கே கிணறு தோண்டத் தொடங்கினார். 116 மீட்டர் வரை போயும் தண்ணீர் இல்லை, உறைந்த மண்தான். தோல்வியுற்ற அந்தக் கிணறே பிறகு நிலத்தடி வெப்பநிலையை அளக்கும் ஆய்வுக் குழியாகப் பயன்பட்டது. லேனா நதிக்கு இன்னும் பாலம் கட்டி முடியவில்லை. கோடையில் படகு, கடுங்குளிரில் ஆற்றின் மேலேயே சாலை.

இவ்வளவு வேறுபாட்டின் மேலும் சோவியத் அரசு ஒரே போர்வையைப் போர்த்தியது. குருஷ்சோவ் காலத்தில் ஆலையில் வார்த்த சுவர்களைக் கொண்டு பொருத்திய ஐந்து மாடிக் குடியிருப்புகள் எல்லா ஊர்களிலும் முளைத்தன. ரியாஸானோவ் இயக்கி 1976 புத்தாண்டு அன்று தொலைக்காட்சியில் வந்த 'விதியின் விளையாட்டு' இதைத்தான் கிண்டல் செய்தது. குடிபோதையில் தவறிப்போய் லெனின்கிராதில் இறங்கும் மாஸ்கோக்காரன், தன் முகவரியைச் சொல்ல, அதே பெயரில் தெரு, அதே கட்டடம். அவன் சாவியே கதவைத் திறக்கிறது. ஆண்டுதோறும் புத்தாண்டுக்கு ரஷ்யர்கள் இதை மறுபடி பார்க்கிறார்கள். எனினும் ஒரே மாதிரியான வாசலுக்குள் வெவ்வேறு ஊர்கள்தான் வாழ்கின்றன. கசானில் அந்தக் குடியிருப்புகளைத் தாண்டிப் போனால், 1552-ல் நான்காம் இவான் கைப்பற்றிய கோட்டைக்குள் தேவாலயமும் 2005-ல் திறக்கப்பட்ட குல் ஷரீஃப் மசூதியும் அருகருகே நிற்கின்றன.

கிழக்குக் கோடியில் விளாடிவஸ்தோக் 1860-ல் கடற்படைத் தளமாகப் பிறந்தது. சோவியத் காலத்தில் பல பத்தாண்டுகள் வெளிநாட்டவருக்கு மூடிக் கிடந்து, 1992-ல் திறந்தது. கடற்படைக்கான பணம் வற்றியபோது ஊர் தனக்கென்று ஒரு பிழைப்பைக் கண்டுகொண்டது: ஜப்பானிலிருந்து பழைய கார்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், வலப்பக்க ஸ்டியரிங் வைத்த வண்டிகளால் தெருக்கள் நிரம்பின. மாலுமி, தரகர், மெக்கானிக், உதிரிபாகக் கடைக்காரர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே சோறு போட்டது. 2008 டிசம்பரில் உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்ற மாஸ்கோ இறக்குமதி வரியை ஏற்றியது. காப்பாற்றப்பட்டவற்றில் முதன்மையானது தொல்யாத்தி. விளாடிவஸ்தோக்வாசிகள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைக் கலைக்க மாஸ்கோ பகுதியிலிருந்து கலகத் தடுப்புப் போலீசார் விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். வரி நீடித்தது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளும் அந்த ஊரில் தொடர்ந்து ஓடின.