வாளெடுத்த மாணவனும் வாய்திறவாத மக்களும்

கிளர்ச்சிகளின் கதையைச் சொல்வோர் அவற்றுக்கு ஒரு தொடக்க நாளைத் தேடுவது வழக்கம். யாரோ ஒருவன் அவமதிக்கப்பட்டான், அன்றே எல்லாம் தொடங்கிற்று என்று எழுதிவிட்டால் கதை நேர்த்தியாய் அமைந்துவிடுகிறது. தூண்டுதல் எது, காரணம் எது எனப் பிரித்தறியும் தொல்லையும் நம்மை விட்டு அகல்கிறது. காஞ்சி மாநகரின் பெயரோடு பிணைந்த ஒரு பழங்கிளர்ச்சி இவ்வாறே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதைச் சொல்லும் கல் காஞ்சியில் இல்லை. கருநாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தா என்னும் ஊரில், பிரணவேசுவரர் கோயிலின் முன் ஒரு தூணாய் நிற்கிறது. அத்தூணில் பொறிக்கப்பட்டுள்ள வடமொழிக் காவியத்தை ஓர் இலக்கியமாக எடுத்துக்கொண்டு, அது சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் இங்கே நோக்குவோம்.

காவியத்தை இயற்றியவர் குப்ஜன் என்னும் புலவர். ஐந்தாம் நூற்றாண்டில் கதம்ப மன்னன் சாந்திவர்மன் காலத்தில், தம் பாடலைத் தாமே கல்லில் எழுதியதாகக் கூறிக்கொள்கிறார். அவர் பாடும் நிகழ்ச்சி அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தியது. மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் தன் ஆசான் வீரசர்மனுடன் பல்லவரின் தலைநகருக்கு வருகிறான். மறைகளை முழுமையாகக் கற்கும் வேட்கையோடு அங்கிருந்த கடிகையில் சேர்கிறான். கடிகை என்பது அந்நாளைய உயர்கல்விக் கழகம். அங்கே குதிரை தொடர்பாய் ஒரு பூசல் எழுகிறது. பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த பூசல் என்றே அறிஞர் பெரும்பாலோர் பொருள் கொள்வர். அந்தணரின் ஆற்றல் அரசரின் ஆற்றலுக்கு இத்துணைக் கீழ்ப்பட்டுவிட்டதே என்று இளைஞன் உள்ளம் கொதிக்கிறான். படிப்பை விட்டு வாளை எடுக்கிறான்.

இவ்விடத்தில் குப்ஜனின் கவித்திறன் உச்சத்தைத் தொடுகிறது. தருப்பையும் சமித்தும் வேள்விக் கரண்டியும் ஏந்திப் பழகிய கை, ஒளி வீசும் வாளை உருவுகிறது என்று பாடுகிறார். ஒரு மனிதனின் வாழ்வு திரும்பிய கணத்தைக் கையைக் கொண்டே காட்டிவிடும் இந்த ஓவியத்தை நாம் மனமாரப் பாராட்டலாம். கல்வெட்டுகள் வறண்ட பட்டியல்கள் என்று எண்ணுவோர் இந்தத் தூணைக் கற்க வேண்டும்.

ஆயின் கவிதையின் அழகு வரலாற்றின் காரணமாகிவிடாது. ஒரு மாணவன் சினந்ததால் ஒரு பேரரசு நிலம் இழக்குமா? விடைக்கான குறிப்புகள் காவியத்திலேயே கிடக்கின்றன. மயூரசர்மன் முதலில் தாக்கியது காஞ்சியை அன்று; எல்லைக் காவலரை. அவர்களை வென்றபின் அவன் புகுந்தது திருப்பருப்பதத்தின் எளிதில் நுழையவியலாத காடு. அங்கிருந்தபடியே பல்லவருக்கு அடங்கிய வாணரிடம் திறை பெற்றான். அடித்து ஒடுக்கப் படை நடத்திய பல்லவர், அது கைகூடாதெனக் கண்டு அவனோடு நட்புப் பூண்டனர். இவை தனி வீரத்தின் அடையாளங்கள் மட்டும் அல்ல. எல்லைக் காவல் தளர்ந்திருந்ததையும், சிற்றரசரின் பற்று உறுதியற்றிருந்ததையும், தலைநகரின் கை நெடுந்தொலைவு நீளாததையும் இவ்வரிகள் தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கின்றன.

வேறொரு தூணும் இதற்குச் சான்று பகர்கிறது. அலகாபாத்துத் தூணில் அரிசேணன் எழுதிய புகழுரை, குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தன் தெற்கே சிறைபிடித்து விடுவித்த வேந்தருள் காஞ்சியின் விஷ்ணுகோபனையும் குறிக்கிறது. அப்படையெடுப்பால் பல்லவ அரசு ஆட்டங்கண்ட நிலையைத்தான் மயூரசர்மன் பயன்படுத்திக்கொண்டான் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அவமதிப்பு ஒரு பொறி. காய்ந்த விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. குப்ஜன் பொறியைப் பாடினார், விறகைப் பாடவில்லை. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து கோர்வையாய் இணைப்பர். கரையின் சரிகை கண்ணைப் பறித்தாலும் சேலை நிற்பது உடலால்தான். புலவர் நம் கண்முன் விரித்துக் காட்டுவது கரையை மட்டுமே.

கிளர்ச்சி எங்கே போய் முடிந்தது என்பதும் கூர்ந்து நோக்கத்தக்கது. மயூரசர்மன் பல்லவர்க்குப் போர்களில் துணைநின்று அவர்களை மகிழ்விக்கிறான். பரிசாக மேலைக்கடல் வரை பரந்த நிலத்தைப் பெறுகிறான். ஆறுமுகக் கடவுளே அவனுக்குத் திருமுழுக்காட்டியதாய்க் காவியம் கூறும். சர்மன் என முடியும் அந்தணப் பெயருடையவனின் மகன், வர்மன் என முடியும் அரசப் பெயரோடு கங்கவர்மன் ஆகிறான். அரச ஆணவத்தை எதிர்த்தவன் அரச மரபொன்றைத் தோற்றுவித்தான். அவன் எழுப்பிய வினா தன் குலத்தின் மதிப்பைப் பற்றியது. அரசு என்பது எவ்வாறு இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது அன்று. வாணர் செலுத்திய திறை யாருடைய களத்து நெல்லிலிருந்து வந்தது என்று காவியத்தில் ஒருவரும் கேட்பதில்லை. உழுதவரும் நெய்தவரும் அதில் வாய் திறப்பதே இல்லை. இதுவே அதன் பெருங்குறை என்போம்.

காஞ்சியிலேயே இதற்கு மறுமொழி போன்ற ஒரு கல் உண்டு. நான்கு நூற்றாண்டுக்குப் பின், எட்டாம் நூற்றாண்டில், பல்லவன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபோது அரியணை வெறுமையாயிற்று. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றின் சிற்பங்களும் அவற்றின் கீழுள்ள தமிழ் வாசகங்களும் அடுத்து நடந்ததைக் கூறுகின்றன. 1941இல் வெளியான முனைவர் சி. மீனாட்சியின் ஆங்கில நூல் அவற்றை விரிவாக ஆராய்ந்தது. தலைமக்களும் கடிகையாரும் இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனை வேண்டுகின்றனர். மூத்த மைந்தர் மூவரும் மறுக்க, பன்னிரண்டு அகவைப் பல்லவமல்லன் நான் செல்கிறேன் என்கிறான். அவனே இரண்டாம் நந்திவர்மன். முன்பு ஒரு மாணவனைக் கிளர்ச்சிக்கு அனுப்பிய கடிகை, இப்போது அரசனைத் தேடிச் செல்வோர் வரிசையில் நிற்கிறது.

குடிகளால் தேர்ந்துகொள்ளப்பட்டவன் என்று நந்திவர்மனைக் காசாக்குடிச் செப்பேடு புகழும். ஆனால் அவன் காலத்து உதயேந்திரம் செப்பேடு, படைத்தலைவன் உதயசந்திரன் சித்திரமாயன் என்னும் பல்லவ அரசனைக் கொன்றதாய்க் கூறுகிறது. அப்படியானால் அரியணைக்கு உரிமை கொண்டாடிய வேறொருவனும் இருந்தான். வென்றவன் எழுப்பிய கோயிலின் வாசகத்தில் அவனுக்கு இடமில்லை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. குருதி உரிமை மட்டும் போதாது, மக்கள் இசைவும் வேண்டும் என்று காட்டிக்கொள்ளும் கட்டாயம் அவ்வரசனுக்கு இருந்தது. அந்த மக்கள் தலைமக்களாகவும் கற்றவர்களாகவும் வணிகர்களாகவுமே இருந்தாலும், குப்ஜனின் காவியத்தைவிட இச்சிற்பங்கள் ஓரடி முன்னே செல்கின்றன. அரசனைத் தேர்ந்த அவை அவனுக்கு வரம்பு விதித்ததாக மட்டும் கல்லில் எதுவும் இல்லை.

அந்த அடுத்த அடியை எடுத்துவைத்த நிகழ்ச்சிக்கு நாம் பிரான்சைத்தான் நோக்க வேண்டும். அங்கும் அவமதிப்பு இருந்தது. 1789 மே 4ஆம் நாள் வெர்சாய் ஊர்வலத்தில் பிரபுக்கள் இறகும் பொன்னிழையும் அணிந்து செல்ல, பொதுமக்களின் பிரதிநிதிகள் எளிய கறுப்பு உடையில் நடக்க வேண்டியிருந்தது. ஆனால் அது ஒருவனின் அவமதிப்பன்று. போர்ச் செலவால் கருவூலம் வறண்டிருந்தது. 1788ஆம் ஆண்டு விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியிருந்தது. 1614க்குப் பின் கூட்டப்படாத பேரவை மீண்டும் கூடியது. ஜூன் 13இல் பங்குக்குருக்கள் மூவர் தம் பிரிவை விட்டுப் பொதுமக்களோடு வந்து அமர்ந்தனர், பலர் பின்தொடர்ந்தனர். ஜூன் 17இல் அது தேசியப் பேரவை எனப் பெயர் சூடியது. மூன்று நாள் கழித்து, அரசியல் சட்டம் அமையும்வரை கலைவதில்லை என்று உறுதி பூண்டது. அரசன் யார் என்னும் வினா, அரசு எத்தகையது என்னும் வினாவாக மாறியது அப்போதுதான். இதைச் சொல்லும்போது, 1792 செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் குருக்கள் பலர் கொல்லப்பட்டதையும் நாம் மறைக்கக் கூடாது. நியாயமான காரணங்களோடு தொடங்கியது என்பதால் ஒரு புரட்சியின் எல்லாச் செயலும் நியாயமாகிவிடாது.

ஆகவே தாளகுந்தா காவியத்தைப் படிப்போர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. வாளேந்திய அந்தக் கையின் ஓவியத்தைச் சுவையுங்கள். அதே வேளை, எல்லைக் காவலரையும் வாணரின் திறையையும் பற்றிய வரிகளை இரண்டாம் முறை படியுங்கள். நம் காலத்துப் போராட்டங்களையும் ஒரு தலைவரின் சினமாக, ஒருநாள் நிகழ்ச்சியாகச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு சொல்லும்போது விலையேற்றத்தில் நலிந்தவரும் கூலி குறைந்தவரும் கதையிலிருந்து கழன்றுவிடுகின்றனர். பின்னர் தலைவர் சமாதானம் ஆனவுடன் அவர்களின் குறையும் தீர்ந்ததாய் நாம் எண்ணிக்கொள்கிறோம். மயூரசர்மனுக்கு நிலம் கிடைத்தது. திறை செலுத்தியவர்க்கு என்ன கிடைத்தது என்பதைக் குப்ஜன் எழுதவில்லை. இன்று எழுதுவோர்க்கு அந்த விலக்கு இல்லை.