தாழ்வு எங்கிருந்து வருது?

எரிக் எரிக்சன் 1950இல் ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ நூலில் வகுத்த எட்டுக் கட்டங்களை பி.எட். வகுப்புகளில் அட்டவணையாக ஒப்பிக்கிறார்கள். நாலாவது கட்டம் பள்ளி வயசு: உழைப்பூக்கமா, தாழ்வுணர்வா? பெத்தவங்க தட்டிக்கொடுத்தா முன்னது, இல்லாட்டி பின்னது. இதை நம்பினால் சேரிப் பிள்ளையின் தாழ்வுணர்வுக்கு ஆத்தாளும் அப்பனுந்தான் குற்றவாளி.

பாமாவின் ‘கருக்கு’ (1992) வேறு சொல்கிறது. மூணாப்பு படிக்கிற சிறுமி, தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலில் தூக்கிவருவதைக் கண்டு சிரிக்கிறாள். நாயக்கருக்குக் கொண்டுபோவது, தொட்டால் தீட்டு என்று அண்ணன் விளக்குகிறான், சிரிப்பு செத்துப்போகிறது. வளர்ப்பில் என்ன குறை கண்டீர்கள்?

எரிக்சனுக்கே இது தெரியும். கற்கும் ஆசை அல்ல, தோல் நிறமும் பெற்றோர் பின்னணியுமே தன் மதிப்பைத் தீர்மானிக்கிறது எனப் பிள்ளை உணர்வதன் ஆபத்தை அதே நூலில் எழுதியிருக்கிறார். அட்டவணை போட்டவர்கள் அதை வசதியாக வெட்டிவிட்டார்கள்.

நல்லாப் படி, மதிப்பு தானா வரும் என்கிறான் அண்ணன். அசல் உழைப்பூக்கம்! அப்படிப் படித்து முதலாவதாக வந்தவளைத்தான் ஏழாம் வகுப்பில், ஒரு தேங்காய் விழுந்ததற்கு, சாதியைச் சொல்லித் திருடி என்றார் தலைமையாசிரியர்.