புள்ளிகள் கூடும் நேரம்: ஜோன் விட்னியின் ‘அரபெஸ்க்’

“கதையுமில்ல, ஆளுமில்ல. இது என்ன படம் மச்சான்?”

ஜோன் விட்னியின் ‘அரபெஸ்க்’ (1975) என்ற குறும்படத்தைப் போட்டுக் காட்டியபோது நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஏழு நிமிடமளவில் ஓடும் இப்படத்தில் புள்ளிகளும் கோடுகளும் மாத்திரமே. அவை சிதறுகின்றன, திடீரெனப் பூவாகக் கூடுகின்றன, மறுபடி கலைகின்றன.

கணினியைக் கலைக்கருவியாக்கிய முன்னோடிகளில் விட்னி முக்கியமானவர். இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் குறிவைக்கப் பீரங்கிகளுக்குக் கணக்குப் பார்த்த இயந்திரம் ஒன்றைக் கழிவு விலைக்கு வாங்கி, அதை மாற்றியமைத்து ‘கெட்டலொக்’ (1961) படத்தை எடுத்தார். அவருடைய சகோதரர் ஜேம்ஸ், அத்தகைய கருவியைக் கொண்டே ‘லபிஸ்’ (1966) படத்தை உருவாக்கினார். குண்டு எறிய உதவிய கணக்கு, அழகு செய்ய உதவியது. பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆதரவில் ஜோன் டிஜிட்டல் கணினிக்கு மாறினார். ‘அரபெஸ்க்’கிற்கு நிரல் எழுதியவர் லரி கியூபா.

விட்னியின் அடிப்படை முறை எளிது. ஒரு வட்டத்தில் பல புள்ளிகள் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. இரண்டாவது புள்ளி முதலாவதைப்போல் இருமடங்கு வேகம், மூன்றாவது மும்மடங்கு. எல்லாம் சிதறிவிடும். ஆனால் முதற்புள்ளி வட்டத்தின் மூன்றிலொரு பங்கைக் கடக்கும்போது, அத்தனையும் மூன்று இடங்களில் கூடி நிற்கும். பாதியைக் கடக்கும்போது இரண்டு இடங்களில்.

தலைப்பைக் கண்டதும் “இது எங்கட கலை” என்று பெருமைப்படத் தோன்றும். அது அவசரம். உறவு பெயரில் இல்லை, முறையில் இருக்கிறது. கவராயத்தால் வட்டத்தைச் சமபங்காகப் பிரித்தே நமது பழைய கைவினைஞர் சுவரில் நட்சத்திரம் வரைந்தார். விட்னி அதே வட்டத்தை நேரத்தால் பிரித்தார். அல்ஹம்ராவில் சுவர் அசையாது, நம் கண் அலையும். இங்கே கண் அசையாது, வடிவம் அலைகிறது.

ஒரு குறையும் உண்டு. இசையின் ஒத்திசைவு விதிகள் கண்ணுக்கும் பொருந்தும் என்பது விட்னியின் கொள்கை. ஆனால் இப்படத்தில் மனூச்சேர் சாதேகியின் பாரசீகச் சந்தூர் இசை இனிமையாக இருந்தும், வடிவங்கள் கூடும் தருணங்களைப் பல இடங்களில் கவனியாமல் தன்பாட்டில் போவதாகவே எனக்குப் பட்டது. கொள்கையை நிரூபிப்பது இசையல்ல, காட்சிதான்.

ஆகவே சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை பார்த்தோம். நண்பர் கதையைப் பற்றிக் கேட்கவில்லை. “பொறு, இப்ப கூடும் பாரு” என்றார்.